நம்பிக்கைகளும் உண்மைகளும்: தனியாக வாழத் தெரியாத லோச் மீன்கள்

"தொட்டி அடியில கிடக்கிற அழுக்கையெல்லாம் இதுவே தின்னுடும். ஒண்ணு விட்டா போதும்." கலர் மீன் கடைகளில் லோச் மீனைக் கையில் கொடுக்கும்போது அடிக்கடி சொல்லப்படும் வார்த்தைகள் இவை. இதிலுள்ள இரண்டு வாக்கியங்களுமே தவறு. அந்தத் தவறுக்கு மீன்தான் உயிரை விலையாகக் கொடுக்கிறது.

லோச் நமக்கு அந்நியமான மீன் அல்ல. மதுரைப் பக்கம் குழம்புக்குப் பேர்போன அயிரையும் லோச் வகைதான். சமைப்பதற்கு முன் அயிரையை உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இது மண்ணையும் அழுக்கையும் தின்று பிழைக்கும் மீன் என்று தோன்றுவதில் வியப்பில்லை. உண்மையில் அது மணலை வாயில் அள்ளி, அதிலிருக்கும் புழு பூச்சிகளைச் சலித்து எடுத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. தொட்டிகளில் வளரும் குஹ்லி லோச் இரை தேடுவதும் இப்படித்தான். பிற மீன்களின் கழிவு இவற்றுக்கு உணவல்ல. மேலே தூவும் தீனியோ டெட்ரா போன்ற மற்ற மீன்களைத் தாண்டி அடிக்கு வந்து சேர்வதில்லை. துப்புரவுக்கென்று விடப்பட்ட லோச் கண்ணில் படாமலே மெலிந்து சாவது இதனால்தான். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் தீனியும், அவ்வப்போது ரத்தப்புழுவும் போட வேண்டும். அடியில் கூர்மையான சரளைக்குப் பதிலாக மெல்லிய மணல் இருக்க வேண்டும். அழுக்கை எடுப்பது தொட்டி வைத்திருப்பவரின் வேலை.

"ஒண்ணு போதும்" என்பது இதைவிடப் பெரிய தவறு.

குஹ்லிகள் ஒரே பொந்துக்குள் உடலோடு உடல் உரசிக் கிடக்கும். தாய்லாந்தைச் சேர்ந்த குட்டிச் சங்கிலி லோச், பெரும்பாலான லோச்சுகளைப் போல அடியிலேயே கிடக்காமல், பகலிலும் நடுத்தண்ணீரில் கூட்டமாக நீந்தும். வரிக்குதிரை லோச்சுகள் ஒன்றையொன்று துரத்தித் தங்களுக்குள் மூப்பு யாருக்கென்று தீர்த்துக்கொள்ளும். அந்தத் துரத்தல் அவற்றின் அன்றாட வாழ்க்கை, அதில் காயம் படுவது அரிது. அதே மீனைத் தனியாக விட்டால் ஒன்று மூலையில் ஒடுங்கிவிடும், இல்லையென்றால் தொட்டியின் மற்ற மீன்களைத் துரத்தத் தொடங்கும். உடனே அதற்குச் சண்டைக்கார மீன் என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஐந்தாறு சேர்ந்திருந்தால் அந்தத் துரத்தல் பெரும்பாலும் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வாங்குவதென்றால் குறைந்தது ஆறு வாங்குங்கள், அதற்கு இடமில்லாவிட்டால் லோச்சே வேண்டாம்.

வரிக்குதிரை லோச் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மீன். 1920இல் விலங்கியலாளர் நாராயண ராவ் அதை அறிவியல் உலகுக்கு விவரித்தது, சிவமொக்கா அருகே துங்கா ஆற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு. இன்று அது சர்வதேச சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம். அப்படிப்பட்ட மீனை ஒற்றையாகக் கொண்டுவந்து பட்டினி போடுவதை ஏற்க முடியாது.

ஒளிய இடம் கொடுத்தால் மீன் வெளியே வராது என்று தொட்டியை வெறுமையாக வைப்பவர்களும் உண்டு. நடப்பது நேர்மாறு. ஓடி ஒளியப் பக்கத்திலேயே வேர்க்கட்டையும் செடியும் இருக்கிறது என்று தெரிந்தால்தான் லோச் துணிந்து வெளியே உலாவும்.

நத்தை தொல்லைக்கு லோச் வாங்குவதிலும் கவனம் வேண்டும். குஹ்லியை நம்பிப் பயனில்லை. வரிக்குதிரை லோச் நத்தை தின்னும். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் கோமாளி லோச்சும் தின்னும், ஆனால் சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் அந்த மீன் 30 செ.மீ. வரை வளரும், இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். நத்தை பெருகுவது பெரும்பாலும் தீனி மிஞ்சுவதால். முதலில் அதைக் குறைத்துப் பார்க்கலாம்.

லோச்சுக்குச் செதிலே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. பலவற்றுக்குத் தோலில் புதைந்த நுண்ணிய செதில்கள் உண்டு. ஆனாலும் மருந்து இவற்றை எளிதில் பாதிக்கும் என்பதால், வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றும்போது பாதி அளவில் தொடங்குவதே வழக்கம்.

கோமாளி லோச் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் செத்துவிட்டதென்று எடுத்து எறிய வேண்டாம், அது ஓய்வெடுக்கும் விதம் அப்படி. லோச்சைத் தொட்டியிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் வலைக்குப் பதில் டப்பாவைப் பயன்படுத்தலாம். கண்ணுக்குக் கீழே மடங்கியிருக்கும் முள்ளை அது பயந்தால் விரித்துவிடும். முள் வலையில் சிக்கினால் பிய்த்து இழுக்காமல், வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து அது தானாக விடுபடும்வரை காத்திருக்க வேண்டும்.