அறிக்கை ஒன்று சொல்கிறது, மனசு ஒன்று சொல்கிறது

கேள்வி: சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் குடியிருக்கிறோம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் மாமனார் காலத்திலிருந்து வீட்டில் ஒரே சின்னம்தான். கல்யாணமாகி வந்த பிறகு நானும் அதற்கே போட்டு வந்தேன். இந்தத் தடவை மனசு ஒட்டவில்லை. ஒரு கட்சி சொல்கிற திட்டங்கள் எங்களைப் போன்றவர்களுக்குத் தேவையாக இருக்கின்றன, ஆனால் அதன் தலைவர்மேல் நம்பிக்கை வரவில்லை. இன்னொரு கட்சித் தலைவரைப் பிடிக்கிறது, அவர் கட்சி என்ன செய்யும் என்பது புரியவில்லை. முதல் ஓட்டுப் போடப்போகும் என் மகன் புதிதாகக் கட்சி தொடங்கியவர் பக்கம் நிற்கிறான். அம்மா வீடு பாலாற்றங்கரையில். அங்கே கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கம்பெனி மூடினாலோ எனக்குச் சம்பளம் இல்லை. கொள்கையைப் பார்த்துப் போடுவதா, தலைவரைப் பார்த்துப் போடுவதா? பேசாமல் நோட்டாவை அழுத்திவிடலாமா?

– சத்துவாச்சாரி வாசகி

பதில்: நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, கிணற்றையும் சம்பளத்தையும் பற்றி எழுதிய அந்த இரண்டு வரிகளில். அங்கே கடைசியில் வருகிறேன்.

வாக்குறுதிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, யாருக்கும் வலிக்காதது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து, மாதாந்திர உதவித்தொகை, இலவச மின்சாரம் போன்றவை. இவற்றை எதிர்த்து உங்கள் தெருவில் ஒருவரும் கொடி பிடிக்க மாட்டார். இதற்குப் பெரிய தலைவர் தேவையில்லை. பணம் இருக்கிறதா, அதிகாரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்ன அண்ணாவைவிட மக்கள் நேசித்த தலைவர் அன்று இல்லை. ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படிதான் கொடுக்க முடிந்தது, அதுவும் சென்னை, கோவை போன்ற நகரங்களில்தான். கஜானா அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது. தலைவரிடம் உள்ள அன்பு கஜானாவை நிரப்பாது.

பிறகும் இதே கதைதான். 2016இல் அ.தி.மு.க. சொன்ன 100 யூனிட் இலவச மின்சாரம் பதவியேற்ற அன்றே கையெழுத்தானது. ரேஷன் அட்டைக்கு ஒரு செல்போன் என்று அதே அறிக்கையில் இருந்தது, அந்தப் போன் வரவே இல்லை. 2021இல் தி.மு.க. சொன்ன பேருந்துப் பயணமும் முதல் நாளே கையெழுத்தாகி ஓடியது. குடும்பத் தலைவிகளுக்கான ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பர் 15 அன்று, தகுதி வரம்புகளோடு தொடங்கியது. அதே அறிக்கையில் மாதம் ஒருமுறை மின் கணக்கீடு என்று ஒன்று இருந்ததே, உங்கள் வீட்டு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆகவே இந்த வகை வாக்குறுதிகளை அறிக்கையைப் பார்த்து எடைபோடாதீர்கள், சென்ற தடவைக் கணக்கைப் பாருங்கள்.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இது சட்டமன்றத் தேர்தல். உங்கள் கம்பெனிக்கு வரும் ஆர்டரைப் பாதிக்கிற பல விஷயங்கள் சென்னைக் கோட்டையில் இல்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது, ஆம்பூர், ராணிப்பேட்டை ஏற்றுமதிக் கம்பெனிகள் பலவும் திகைத்து நின்றன. முதலமைச்சர் யாராக இருந்தாலும் டெல்லிக்குக் கடிதம் எழுத முடியும், அவ்வளவுதான். இறக்குமதி வரி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அங்கே. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சிப்காட் நிலம் ஆகியவை இங்கே. 2022இல் மாநில அரசு காலணி, தோல் பொருட்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. 2024 நவம்பரில் பனப்பாக்கம் சிப்காட்டில் தோல் அல்லாத காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். உங்கள் தொழில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். மாநிலத்தால் முடியாததை மாநிலத் தேர்தலில் யாராவது தருவதாகச் சொன்னால், அந்த வரியை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இரண்டாவது வகை வாக்குறுதி வேறு. அதில் இரண்டு தரப்பும் நம் வீட்டு மனிதர்களாகவே இருப்பார்கள். பாலாறு அப்படிப்பட்டது. தோல் ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பயிருக்குப் பாதியோ முழுதோ லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வும் அந்த வழக்கில்தான் பதிவானது. சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயரைச் சொல்ல வைத்த தீர்ப்பு அது. ஆனால் 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் சுத்திகரிப்பு நிலையக் கழிவுத்தொட்டி உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் அந்தச் சேற்றில் மாண்டார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், கெடுத்தவரிடமிருந்து அதை வசூலியுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில் கருணாநிதி, ஜெயலலிதா, ஓ. பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி, மு.க. ஸ்டாலின் என்று ஐந்து பேர் முதலமைச்சர்களாக இருந்துவிட்டார்கள். பாலாற்றைக் காப்போம் என்று பேசாத கட்சி எது? கொள்கை எல்லோரிடமும் இருந்தது. ஆலைக்காரரிடமும் விவசாயியிடமும் ஒரே நாளில் கசப்பான உண்மையைச் சொல்லக்கூடிய மனத்திடம்தான் இல்லாமல் போயிற்று. நான் தலைமை என்று எதையாவது மதிக்கிறேன் என்றால் இதைத்தான் மதிக்கிறேன். மேடைப் பேச்சையும் கூடும் கூட்டத்தையும் வைத்து இதை அளக்க முடியாது. இந்தத் தலைவர் தமக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கே பிடிக்காத ஒரு முடிவை எப்போதாவது எடுத்து, அதற்குப் பொறுப்பேற்று நின்றிருக்கிறாரா? அப்படி ஒன்றைக்கூட உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், அவரிடம் உங்களுக்கு இருப்பது பிரியம்தான். பிரியம் தப்பில்லை. அதை நம்பிக்கை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

தலைவரை மட்டும் பார்த்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் வெளியூர் போகவே வேண்டாம். 2016இல் ஆம்பூரும் குடியாத்தமும் ஜெயலலிதாவின் முகத்தைப் பார்த்துத்தான் இரட்டை இலைக்குப் போட்டன. அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். பிறகு நடந்த உட்கட்சிப் போரில், முதலமைச்சரை மாற்றச் சொல்லி ஆளுநரிடம் மனுக் கொடுத்த 18 எம்.எல்.ஏ.க்களை 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். அதில் ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் மூன்றும் அடக்கம். யார் பக்கம் நியாயம் என்பதை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்த்தது, தகுதிநீக்கம் செல்லும் என்று. என் கவலை வேறு. இடைத்தேர்தல் முடிவு வந்த 2019 மே 23 வரை, இருபது மாதம் இந்த மூன்று ஊர்களுக்கும் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. தெருவிளக்குப் பிரச்சினையிலிருந்து தோல் தொழிலாளர் பிரச்சினைவரை எடுத்துச் சொல்ல ஒரு வாய் இல்லை. குடியாத்தத்துக்கு இன்னும் சோதனை. இடைத்தேர்தலில் வென்ற உறுப்பினர் 2020 பிப்ரவரியில் இறந்துபோக, 2021 பொதுத்தேர்தல்வரை மறுபடி காலி.

அதனால் சொல்கிறேன், இயந்திரத்தில் தலைவர் படம் இருக்காது. உங்கள் தொகுதி வேட்பாளரின் பெயரும் படமும்தான் இருக்கும். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985க்குப் பிறகு அவர் கொறடா சொன்னபடிதான் அவையில் கை தூக்க வேண்டும், இல்லையென்றால் பதவி போகும். அந்த அளவுக்குத் தலைமை முக்கியம்தான். ஆனால் தலைவருக்கு ஏதாவது ஆனால் அந்தக் கட்சியில் இரண்டாவது வரிசை என்று யாராவது இருக்கிறார்களா, எதிர்த்துப் பேசியும் கட்சியில் நீடிக்க முடிந்தவர் ஒருவராவது உண்டா என்று பாருங்கள். தலைமைக்கான பரீட்சையில் பாதி மதிப்பெண் அதற்குத்தான்.

உங்கள் மகன் விஷயம். புதியவருக்குச் சென்ற தடவைக் கணக்கு இல்லையே என்பதால் அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். 1972இல் கட்சி தொடங்கி 1977இல் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். அதற்கு முன்பே சட்டமன்ற உறுப்பினராக, தி.மு.க. பொருளாளராக இருந்தவர். பக்கத்து ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் 1982 மார்ச்சில் தொடங்கி 1983 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தார். இங்கே விஜயகாந்த் 2006இல் ஒரே இடம், 2011இல் கூட்டணியில் 29, எதிர்க்கட்சித் தலைவர் பதவி, 2016இல் ஓர் இடமும் இல்லை. புதியவருக்கு மூன்று வழியும் திறந்தே இருக்கிறது. அவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உன் தலைவர் நம் தொகுதிக்கு நிறுத்தியிருக்கும் ஆள் யார், அவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? அவனே தேடிப் படிக்கட்டும். வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், குற்ற வழக்கு எல்லாம் இருக்கும், தேர்தல் ஆணையத்தின் செயலியிலேயே பார்க்கலாம்.

நோட்டா வேண்டாம் என்பது என் எண்ணம். அது உங்கள் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயிப்பார். நம் வேலூரிலேயே பார்த்தோம். பணப் பட்டுவாடா புகாரால் 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலையே ரத்து செய்தார்கள், இந்தியாவில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு முதல்முறையாக. ஆகஸ்ட் 5 அன்று மறுபடி நடந்தபோது வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். 2021இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடியில் துரைமுருகன் 746 ஓட்டில்தான் ஜெயித்தார். இந்த மண்ணில் ஓர் ஓட்டின் கனம் அவ்வளவு. அதைக் கணக்கில் வராத இடத்தில் போடாதீர்கள் சகோதரி.

இப்போது உங்கள் இரண்டு வரிக்கு வருகிறேன். உதவித்தொகை, பேருந்து என்று வருகிற இடத்தில் கொள்கையைப் பாருங்கள், பழைய கணக்கோடு. கிணறும் கம்பெனியும் மோதுகிற இடத்தில் ஆளைப் பாருங்கள். பிரசாரத்துக்கு வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது, ஆரத்தித் தட்டு எடுக்கிற கூட்டத்துக்குள் நீங்களும் போய் நின்று கேளுங்கள்: என் அம்மா வீட்டுக் கிணறு கெட்டுப்போச்சு, நான் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்? உடனே இரண்டும் சரியாகிவிடும் என்பவரை ஓரமாக வையுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு யார் செலவு செய்வது, ஆலை சில நாள் நின்றால் அந்த நாள் கூலிக்கு யார் பொறுப்பு என்று கொஞ்சம் தயங்கியாவது பேசுகிறவர் எந்தச் சின்னத்தில் நின்றாலும், உங்கள் மாமனாரிடம் அவரைப் பற்றி நீங்கள் தைரியமாகப் பேசலாம்.