செய்ததை அறிந்து நன்றி சொல்வோம்

எட்டாம் வகுப்பில் நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால், பெரும்பாலான தாள்களில் ஒரே தொடர்தான் இருக்கும்: ‘தாங்கள் செய்த உதவிக்கு மிக்க நன்றி.’ இடம், நாள், விளிப்பு எல்லாம் சரியாக இருக்கும். என்ன உதவி என்பது மட்டும் தெரியாது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். ‘அறிதல்’ என்ற சொல்லை மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்பினேன். அதற்குக் கொரட்டூரில் என் மடிக்கணினி பழுதான நிகழ்வையே பாடப்பொருளாக எடுத்துக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் மடிக்கணினி இயங்காமல் போனது. வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களின் குரல் பதிவுகள் அதில் இருந்தன. ஜூன் மாதம் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை டிசம்பரில் எப்படிப் படிக்கிறான் என்பதற்கு அவையே சான்று. என் நண்பர்கள் மூவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்காக ஒதுக்கினார்கள். ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியன். இன்னொருவர் கணினி பழுதுபார்ப்பவர். மூன்றாமவர் கணினி ஆசிரியர்.

அவர்கள் செய்ததை வகுப்பில் வரிசையாகச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் முதலில் சார்ஜரை மல்டிமீட்டரால் அளந்தார். 19 வோல்ட் வந்தது, சார்ஜரில் குறையில்லை. பழுதுபார்க்கும் நண்பர் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினார். “பழுதை அப்புறம் பார்க்கலாம், பிள்ளைகளின் குரலை முதலில் எடுப்போம்” என்று சொல்லி, கணினி ஆசிரியர் அதைத் தம் கணினியில் இணைத்துக் கோப்புகளைப் படியெடுத்தார். பிறகு ரேம் அட்டையைக் கழற்றி, அதன் தொடுமுனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்தார்கள். அங்கே படிந்த அழுக்கு மின்தொடர்பைத் தடுத்திருந்தது. விசிறியில் அடைத்திருந்த தூசியையும் அகற்றினார்கள். மீண்டும் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது.

வகுப்பறைச் செயல்பாடு

கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தேன்: செய்தவர் யார்? என்ன செய்தார்? அதைச் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘உதவினார்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது மட்டுமே விதி. அளந்தார், கழற்றினார், படியெடுத்தார், துடைத்தார், பொருத்தினார் என்று வினைச்சொற்கள் வரத் தொடங்கின.

“சார்ஜர் நல்லாத்தான் இருக்குன்னு கண்டுபிடிச்சதும் உதவியா சார்?” என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு அதை விவாதித்தது. அந்த அளவீடு இல்லையென்றால் தேவையில்லாமல் புது சார்ஜர் வாங்கியிருப்போம் என்று இன்னொருவன் விடை சொன்னான். கண்ணுக்குத் தெரியாத உதவியும் உண்டு என்பதை அவர்களே கண்டடைந்தார்கள்.

அடுத்த பாடவேளையில் ஒவ்வொருவரும் தமக்கு உதவிய ஒருவருக்குக் கடிதம் எழுதினர். தந்தையின் தொழில் என்ன என்றால் ‘கூலி’ என்று மட்டுமே சொல்லிவந்த மாணவி ஒருத்தி, மோட்டார் காயில் கட்டும் தன் அப்பாவுக்கு எழுதினாள்: ‘எரிந்த கம்பியைப் பிரித்தீர்கள். சுற்றுகளை எண்ணினீர்கள். புதுக் கம்பி சுற்றினீர்கள். நம் தெருவில் தண்ணீர் ஏறியது.’ நான்கு தொடர்களில் ஒரு தொழிலாளியின் அறிவும் திறனும் தெரிந்தன. தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் உழைப்பை மதிக்கக் கற்றுத்தர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பிற பாடங்களோடு இணைக்க

அறிவியலில் கடத்திகள், மின்சுற்று ஆகியவற்றோடு இதை இணைக்கலாம். சூழலியலில் மின்கழிவு பற்றிப் பேசலாம். இந்தியாவில் புதிய மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. 2009இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ முயற்சியையும் அறிமுகப்படுத்தலாம். அங்கே பழுதான பொருளைக் கொண்டுவருபவர், சரிசெய்யும் தன்னார்வலருடன் அமர்ந்து வேலையைக் கற்றுக்கொள்கிறார். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் பயன்பெற்ற அண்ணன், அக்காக்கள் பல வீடுகளில் உண்டு. அக்கணினிகளை எப்படிப் பராமரித்தார்கள் என்று மாணவர்கள் அவர்களிடம் கேட்டு வரலாம்.

ஓர் எச்சரிக்கை: கருவிகளைத் திறக்கும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். உப்பிய பேட்டரியை மாணவர்கள் தொடக்கூடாது.

மதிப்பீடு செய்யும்போது கடிதத்தின் அமைப்புக்கு இணையாக வினைச்சொற்களுக்கும் மதிப்பெண் தாருங்கள். குறைந்தது மூன்று செயல்களாவது குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். எழுதிய கடிதங்களைக் கட்டாக வைத்துவிடாமல் உரியவர் கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.