பெரிய கைக்குப் பொருந்தும் பிடி



சானமாவில் ராகிக் கொல்லையிலும் ஓசூரில் டூல்ரூமிலும் உழைத்து உரமேறிய உன் கைக்கு, லைசென்ஸ் பெற்று வாங்கிய கான்பூர் .32 ரிவால்வரின் பிடி சிறுத்துப்போகிறது என்றும், சுண்டுவிரல் ஆதாரமின்றித் தொங்குகிறது என்றும், ஆகையால் கிடைப்பவற்றுள் மிகப் பருமனான ஈட்டி மரப்பிடி ஒன்றை வாங்கிப் பூட்டிவிடலாமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறாய். வாங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

கை பெரிதானால் பிடி பருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொள்வது இத்துறையில் சர்வ சாதாரணமான பிரமை. பிரிட்டிஷ் வெப்லி வம்சத்தில் வந்த உன் ரிவால்வரில், இரு பக்கமும் மரச்சில்லுகள் பதிந்திருக்க, முதுகுப்பக்கத்து இரும்பு வெறுமனே வெளியே தெரிகிறதல்லவா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவை அந்த இரும்பிலேயே போய் உட்காருவதால், நீண்ட விரல் விசையைத் தாண்டி வளையத்துக்குள் ஆழமாக நுழைந்து, நேரே பின்னோக்கி இழுக்க வேண்டியதைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. இதற்குப் பரிகாரம் முதுகுப்பக்கத்தையும் மூடி வருகிற பிடியே. அங்கே ஏறும் மரத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் உன் கை பின்வாங்கி, விரலின் நுனிச்சதை விசையின்மேல் வந்து அமரும். அதை விட்டுப் பக்கங்களைப் பருக்கவைத்தாயானால், விரல்கள் சுற்றி வந்து பிடியை அணைக்க இயலாமல், முன்கை முறுக்கேறி, நடுக்கமே மிஞ்சும்.

விசை வளையத்துக்குப் பின்னேயுள்ள இடைவெளியையும் கவனி. ஒவ்வொரு வெடிக்கும் நடுவிரல் கணுவில் வளையம் இடிப்பதற்கு அந்த வெற்றிடமே காரணம். 1930களில் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியார் ‘மேக்னா’ என்ற பிடியில் மரத்தை மேல்நோக்கி உயர்த்தி, உதை கவையில் பரவலாக இறங்கும்படி செய்தார்கள். எனினும் இந்த இடைவெளியை அவர்கள் அடைக்கவில்லை. அதையும் மரத்தாலேயே நிரப்பிப் பிடி வடிவமைத்துக் கீர்த்தி பெற்றவர் வால்ட்டர் ரோப்பர் என்பவர்.

2006ஆம் வருஷம் தோஹா ஆசிய விளையாட்டில் நம் நாட்டுத் துப்பாக்கி வீரர் ஜஸ்பால் ராணா 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் 600க்கு 590 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அறுபது தோட்டாக்கள், அறுபது முறையும் கை அதே ஸ்தானத்தில் அமர வேண்டும். பிடியின் சௌகரியம் என்று நான் சொல்வது இதைத்தான். கடையில் ஒரு நிமிஷம் ஏந்திப் பார்க்கும்போது உண்டாகும் சுகம் வேறு. இதைச் சோதிக்க, சுழலறை காலியென்று இருமுறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக் கையை உயர்த்து. கண் திறக்கும்போது முன்குறி நடுவில் நிற்காவிட்டால், மணிக்கட்டைத் திருப்பிச் சமாளிக்காமல் மரத்தை அரத்தால் திருத்து. இரும்பில் மட்டும் ஒருபோதும் கைவைக்காதே.

பந்தயத்துக்குப் போவதாயின் பெரிய கைக்காரனுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. விதிப்படி 25 மீட்டர் துப்பாக்கி முழுவதும் 300, 150, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். உள்ளங்கைத் தாங்கியை அகலமாக விட்டால் அந்த 50 மில்லிமீட்டரில்தான் இடிக்கும். மணிக்கட்டுக்குப் பிடி ஆதாரம் தரக்கூடாது. கட்டைவிரல் தடையின்றி மேலே எழ வேண்டும்.

மர விஷயத்துக்கு வருகிறேன். உன் ஊர்ப்பக்கம் கோடாலிக் காம்புக்குக் கொண்டாடும் வெக்காலி உறுதியில் சிறந்ததுதான். ஆனால் உலரும்போது வெடிக்கும் சுபாவமுடையது. தவிரவும், யானைகள் வந்து தங்கும் சானமாவுக் காப்புக்காட்டிலிருந்து ஒரு குச்சியும் நீ எடுக்கக்கூடாது. அக்ரூட் மரம் இலேசானது, அரத்துக்கு இணங்குவது, அதுவே உத்தமம். ஈட்டிதான் வேண்டுமென்றால் பழைய கட்டில் கால் ஒன்றைத் தேடிப் பிடி. அரை நூற்றாண்டு உலர்ந்த மரத்துக்கு நிகர் கிடையாது. எதுவானாலும் ரேகை பிடியின் நீளவாக்கில் ஓடட்டும். மரம் குறுக்கேதான் பருக்கும், சுருங்கும். ஓசூரின் குளிர்ந்த மேட்டில் கச்சிதமாகப் பூட்டிய பிடி சென்னையின் ஈரக்காற்றில் ஊதிக்கொள்ளும் என்பதால் திருகாணியை மிகவும் இறுக்காதே. வார்னிஷ் பூசினால் வியர்வையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்து ஊறவிடுவதே போதும்.

முதலில் மலிவான சில்வர் ஓக் கட்டையில் ஒன்று செதுக்கி, குறைந்த இடத்தில் பட்டி அப்பி, மிகுந்த இடத்தில் அராவி, ஒரு மாதம் பழகிப் பார். நல்ல மரத்தைப் பிறகு தொடலாம். அடுத்த கடிதத்தோடு, காகிதத்தில் விரித்து வரைந்த உன் வலக்கையின் உருவத்தையும், கவையிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனிக்கணு வரையுள்ள நீளத்தையும் மில்லிமீட்டரில் குறித்து அனுப்பு.