கற்ற நூலைக் காத்தலும் ஈதலும்

கற்று முடித்த நூலைக் கைக்கொண்டிருப்பதோ, பிறர்க்கு ஈந்துவிடுவதோ என்னும் வினா, தேர்வு முடிந்து விடுதியறையை ஒழிக்கும் மாணவர் அனைவர்க்கும் எழுவதே. பெரும்பாலோர் நூலின் விலையைக் கருதியே இதனை முடிவு செய்கின்றனர். அது போதாது. இந்நூல் மறைந்தால் வேறு படி எளிதிற் கிட்டுமோ என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

ஏட்டுச்சுவடிக் காலத்தில், ஓலை பழுதுறுமுன் அதனைப் படியெடுத்தல் இன்றியமையாததாயிருந்தது. படியெடுப்பார்க்குங் கொடாது பரணிற் கட்டிவைத்தோர், காப்பதாகக் கருதிக் கரையானுக்கே ஈந்தனர். அச்சுநூலின் நிலை வேறு. ஆயிரக்கணக்கிற் படிகள் வெளிவருதலின், பிறர் வைத்திருப்பர் என்றெண்ணி ஒருவரும் பேணுவதில்லை. குஜிலிக் கடைகளில் மலிவாக விற்ற பாட்டுப் புத்தகங்கள் பல அரியனவாயினமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடக விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையுங்கூடத் தொகுத்தார். (வீட்டார் பொறுமையும் போற்றத்தக்கதே!) அவர் 1992 இல் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியைப் பெற்றது, 1994 இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. சிதறாது ஒருங்கே பொதுவிடஞ் சேர்ந்தமையாலன்றோ அவை ஆராய்வார்க்குப் பயன்படுகின்றன!

ஆதலின், பாடநூலும், கடைகளில் எளிதிற் கிடைக்கும் நாவலும் அடுத்த வகுப்பினர் கைக்குச் செல்க. அகராதியும், ஓரக்குறிப்பெழுதிப் பயின்ற நூலும் நம்மிடமே இருக்கலாம். பாட்டனார் பெட்டியிற் கிடந்த பழம்பதிப்பையோ, பழைய காகிதக் கடையில் நிறுத்துப் போடாது, நூலகத்தாரிடம் முதலிற் காட்டுக. அவர் தம்மிடம் உண்டெனின், அப்போது விற்பினுங் குற்றமில்லை.