கார்ட்டூன் தாளும் பாலிதீன் உறையும்



சென்ற ஆண்டு நம் சங்க நூலக அறையில் கார்ட்டூன் படங்களின் கதை பற்றி நான் பேசியது சிலருக்கு நினைவிருக்கலாம். அன்று நான் சொன்ன ஒரு விஷயம் தவறு. அதைத் திருத்தவே இக்கட்டுரை. திருத்தத்தை மட்டும் நாலு வரியில் எழுதினால், பேச்சுக்கு வராதவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே முன்கதையும் கொஞ்சம் சொல்கிறேன்.

நான் படித்தது டிப்ளமா. வேலை பார்த்தது ரயில் தண்டவாளப் பராமரிப்பில். ஓய்வு பெற்ற பிறகு லா காலேஜ் சாலையில் மாலை நடை போவேன். அங்கேதான் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே திரைப்படக் கல்லூரி. அது 1960இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ இடத்தில் அமைந்தது. அந்தப் பிரபாத் கம்பெனி 1933இல் கோலாப்பூரிலிருந்து புனே வந்தது. அடுத்த வருடமே 'ஜம்பூ காக்கா' என்றொரு கார்ட்டூன் குறும்படம் எடுத்தது. நாம் தினமும் காய்கறிப் பையோடு கடந்து போகும் ஊரில், 1934இல் ஒருவர் உட்கார்ந்து ஒரு நரியைப் படம் படமாக வரைந்து ஓடவிட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பேச்சுக்கு விதை அதுதான்.

இந்த வித்தையின் அடிப்படையை தாதாசாகேப் பால்கே அதற்கும் முன்பே காட்டிவிட்டார். 1912இல் பட்டாணி விதை ஒன்று முளைத்துக் கொடியாவதை, சிறிது சிறிதாகப் பல நாட்கள் படம் பிடித்தார். திரையில் அது ஒன்றிரண்டு நிமிடத்தில் வளர்ந்தது. 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்குப் பணம் போடத் தயங்கியவரை நம்ப வைத்தது அந்தப் பட்டாணிக் கொடிதான். 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி இன்னொரு குறும்படமும் செய்தார்.

கார்ட்டூனுக்கும் கணக்கு அதேதான். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு முறை படம் பிடித்தால் நொடிக்கு 12 சித்திரம் போதும். அப்படியும் பத்து நிமிடப் படத்துக்கு 7,200 சித்திரம்! ஒவ்வொன்றிலும் மரத்தையும் மலையையும் திரும்ப வரைய யாரால் முடியும்? 1914இல் ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர் வழி கண்டார். நகரும் உருவத்தை மட்டும் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தாளில் வரைந்து, அசையாத பின்னணிமேல் வைத்துப் படம் பிடிப்பது. கோடு தாளின் முன்பக்கம், வர்ணம் பின்பக்கம். பம்பாயில் 1956இல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கிய கார்ட்டூன் பிரிவுக்கு டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து சொல்லிக் கொடுத்ததும் இந்த முறையைத்தான். அவரிடம் பயின்றவர் ராம் மோகன். 1989இல் 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்தோடு ஆடிய கார்ட்டூன் விலங்குகள் அவர் கைவண்ணம். இதைச் சொன்னபோதுதான் கூட்டத்தில் முதல் கைதட்டல் கிடைத்தது!

பேச்சின் முடிவில் பாதுகாப்பு பற்றிச் சொன்னேன். பழைய நைட்ரேட் பிலிம் எரியத் தேவையான பிராணவாயுவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. 2003 ஜனவரி 8 அன்று இதே ஊரில் காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கு எரிந்தது. பின்னால் வந்த அசிடேட் தாள் அப்படிப் பற்றி எரியாது என்று சொல்லிவிட்டு, "வீட்டில் இருந்தால் காற்றுப் புகாமல் பாலிதீன் உறையில் இறுக்கி ஒட்டி வையுங்கள்" என்றும் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னது.

கிர்க்கியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா அதைக் குறித்துக் கொண்டிருக்கிறார். எண்பதை நெருங்குபவர். அவர் கணவர் எழுபதுகளில் பம்பாயில் விளம்பரப் படங்களுக்கு வர்ணம் தீட்டியவர். நினைவாக வைத்திருந்தது பதினொரு தாள்கள். மழை முடிந்து பீரோவைத் திறந்தால் புளித்த காடி வாடை. நான்கு தாள்களில் வர்ணம் பாலிதீனோடு உரிந்து வந்துவிட்டது. "நீங்க சொன்னபடிதான் தம்பி வச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். அசிடேட் தாள் ஈரத்தையும் வெப்பத்தையும் வாங்கி மெல்ல மெல்ல அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்பை, வெளிவிடும். அது வெளியேற வழியில்லாவிட்டால் அந்த அமிலமே தாளை மேலும் வேகமாக அரிக்கும். நான் காற்றை வெளியே நிறுத்தவில்லை. விஷத்தை உள்ளே பூட்டச் சொல்லியிருக்கிறேன். அதோடு ஆனி மாத ஈரக்காற்றையும் சேர்த்து.

வர்ணம் ஏன் உரிகிறது என்பது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் இணைப்பில் இடைவெளி விடுகிறோம். தாளும் வர்ணமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. அவற்றுக்கு நடுவே இடைவெளி விட இடமேது? அதிகம் உலர்ந்தால் வர்ணம் வெடிக்கும். அதிகம் ஈரமானால் பிசுபிசுத்து எதிலும் ஒட்டும்.

ஆகவே திருத்தம் இது. பாலிதீன் வேண்டாம், லேமினேஷன் கூடவே கூடாது. அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் தாள்களைப் படுக்கையாக வையுங்கள். வர்ணப் பக்கத்தின்மேல் எடை ஏற்ற வேண்டாம். ஒட்டாத சிலிக்கான் காகிதம் கிடைத்தால் இடையில் வைக்கலாம். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காமல், வெயில் படாத குளிர்ந்த உள்ளறையில் வையுங்கள். காடி வாடை வரும் தாளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து விடுங்கள். அந்த ஆவி நல்ல தாளையும் கெடுக்கும். பளிச்சென்ற வெயிலில் காய வைப்பது நம் வீட்டு வழக்கம். ஊறுகாய்க்குச் சரி, இதற்கு ஆகாது. உரிந்த வர்ணத்தைப் பசை போட்டு ஒட்டவே முயலாதீர்கள். அமெரிக்காவில் கெட்டி நிறுவனமும் டிஸ்னியும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், அளந்து ஈரப்பதம் கொடுத்து வர்ணத்தைத் திரும்பப் படிய வைத்திருக்கிறார்கள். அது நிபுணர்கள் வேலை.

அந்த அம்மாவின் மிச்சம் ஏழு தாள்களையும் இப்போது புதுப் பெட்டிக்கு மாற்றியாயிற்று. அடுத்த மாதப் பேச்சுக்குப் பெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கெட்டுப்போன நான்கில் ஒன்று அணில்; வாலில் வெறும் கோடுதான் மிச்சம். அதையும் எல்லோருக்கும் காட்டச் சொல்லியிருக்கிறார்.