குண்டு எழுத்துகள்



கடமலைக்குண்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் நம் கண்ணில் முதலில் படுபவை கடைகளின் பெயர்ப் பலகைகளே. அவற்றுள் பல, பருமனான உருண்டை எழுத்துகளால் ஆனவை. அவ்வகை எழுத்துகளைப் பற்றி நாங்கள் கற்றதையும், எங்களால் நேர்ந்த ஒரு பிழையையும் இங்கே கூறுகிறோம்.

ஆங்கில அச்செழுத்துகள் சிலவற்றின் முனைகளில் பாதம் போன்ற சிறு கோடுகள் இருக்கும். அவை இல்லாதவற்றைச் 'சான்ஸ் செரிஃப்' என்பர். அவ்வெழுத்தின் கோட்டைத் தடிப்பாக்கி, முனைகளையும் உருட்டிவிட்டால் குண்டு எழுத்து கிடைக்கும். உருண்டை வடிவம் தமிழுக்குப் புதிதன்று. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோர், ஓலை கிழியாதிருக்க வளைவுகளையே விரும்பினர். ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையும் விட்டுவிட்டனர். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோது அந்த எழுத்துகள் உலோக அச்சில் ஏறின.

இன்று கணினியில் கிடைக்கும் குண்டு எழுத்துகளுள் ஒன்று 'பலூ தம்பி'. மும்பையிலுள்ள 'ஏக் டைப்' குழுவினர் உருவாக்கிய 'பலூ' குடும்பத்தைச் சேர்ந்தது இது. காட்டுக் கதையில் வரும் கரடியின் பெயரே பலூ! தமிழில் தம்பி, மலையாளத்தில் சேட்டன், தெலுங்கில் தம்முடு, பஞ்சாபியில் பாஜி என்று பல மொழி எழுத்துகளுக்குச் சகோதரன் பெயரைச் சூட்டியிருப்பது எவ்வளவு அழகு! இதனை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

இத்தகைய எழுத்தை வரைவது எளிதன்று. 'ண' என்னும் எழுத்தில் எத்தனை சுழிகள்! கோடு தடிக்கத் தடிக்க உள்ளிருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். அந்த வெளி அடைபடாமல் காப்பதே வரைபவரின் திறமை.

இதை உணராமல் நாங்கள் தவறினோம். இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு அறிவிப்புத் தாள் தயாரிக்கும் பணி எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. அழகாக இருக்கட்டுமென்று தலைப்பு, நாள், இடம் எல்லாவற்றையும் குண்டு எழுத்திலேயே அமைத்தோம். தாளில் இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கினோம். நகல் எடுத்தபோது மை பரவிப் புள்ளிகள் மறைந்தன; சுழிகள் அடைந்தன; '3' என்பது '8' போல் ஆயிற்று.

முகாம் முடிந்து ஐந்து நாள் கழித்து, வருசநாட்டுப் பக்கமிருந்து ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எங்கள் தாளை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். நாங்கள் தலைகுனிந்தோம். "எழுத்து லட்சணமாத்தான் இருக்கு தாயி, என் கண்ணுக்குத்தான் தெரியலை" என்றார் அவர். பிழை அவர் கண்ணிலன்று, எங்கள் கையிலன்றோ!

அடுத்த முகாமுக்குத் தலைப்பை மட்டும் குண்டு எழுத்தில் பெரிதாக வைத்தோம். மற்றவற்றை மெல்லிய எழுத்தில், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டு அமைத்தோம். நாளை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினோம். பாட்டி வந்தார், நாங்களே வரிசையில் அவர் அருகில் நின்றோம்.

தோழியரே, குண்டு எழுத்து தொலைவிலிருப்போரைக் கூவி அழைக்கும் குரல். கடைப் பலகைக்கும், சுவரொட்டிக்கும், குழந்தைகள் புத்தகத்தின் அட்டைக்கும் அது ஏற்றது. அருகில் அமர்ந்து விவரம் சொல்ல மெல்லிய எழுத்தே வேண்டும். எழுதும் முன், படிக்கப்போகும் கண்களை நினைப்போமாக!