இழுவை விமானம் வலுவிழக்கும்போது

எஞ்சின் இல்லாத கிளைடரை ஏறத்தாழ 60 மீட்டர் நீளக் கயிற்றால் பிணைத்துச் சிறு விமானம் ஒன்று இழுத்துச் செல்லும் ஏவுமுறையில், தரையை விட்டெழுந்த சில நொடிகளிலேயே முன்செல்லும் விமானத்தின் எஞ்சின் வலுவிழக்கக்கூடும் என்பதால், அமெரிக்கப் பயிற்றுநர்கள் மாணவரை ஒவ்வோர் ஏவலுக்கு முன்பும் எந்த உயரத்தில் என்ன செய்வது என்று வாய்விட்டுச் சொல்லவைப்பதும், ஏறும்போது 200 அடியை எட்டியதும் அதை உரக்க அறிவிக்கச் செய்வதும் வழக்கம். அந்த உயரத்துக்குக் கீழே கயிறு விடுபட்டால் நேர்முன்னே, அல்லது சற்றே விலகி இறங்க வேண்டும். அதற்கு மேலே, காற்றும் களமும் இடங்கொடுத்தால், ஓடுபாதைக்குத் திரும்பலாம். முன்னே இறங்கத்தக்க வயல் எது என்பதைப் பறக்கும் முன்பே நடந்து பார்த்து வைத்தவருக்குத் தேடும் வேலை மிச்சம்.

இழுவை விமானி இறக்கைகளை இருபுறமும் சாய்த்தாட்டினால், கிளைடர் உடனே கயிற்றை விட வேண்டும். வால் சுக்கானை மட்டும் அசைத்தால், கிளைடரின் ஸ்பாய்லர்கள், அதாவது காற்றைத் தடுத்து இறக்கத்தைக் கூட்டும் இறக்கைத் தகடுகள், திறந்துள்ளனவா என்று பார்க்கச் சொல்வதாகும். இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொண்டு, தகடுகள் திறந்தபடியே கயிற்றை விட்டுத் தரையில் மோதியவர்கள் உண்டு; இழுவை எஞ்சினில் பழுதே இல்லாமல் நேரும் இவ்விபத்தே இவ்வகையில் மிகவும் வருத்தத்துக்குரியது.

20-க்கு 1 என்ற சறுக்கு விகிதமுள்ள கிளைடர் அசைவற்ற காற்றில் 200 அடியிலிருந்து நேராக 4,000 அடி தொலைவு செல்லும் என்பதால், உயரத்தைக் காட்டிலும் திருப்பமே கவலைக்குரியது. கயிறு விடுபடும் கணத்தில் மூக்கு மேல்நோக்கியிருப்பதால், அதைத் தாழ்த்தி வேகத்தைப் பெற்ற பின்னரே, பக்கக்காற்று வரும் திசையில் திரும்ப வேண்டும். 45 பாகைச் சாய்வில், இறக்கை தாங்குதிறனை இழக்கும் ஸ்டால் வேகம் சுமார் 19 விழுக்காடு உயர்கிறது. ஆயினும், தரை நெருங்குகிறதே என்று சாய்வைக் குறைத்துச் சுக்கானை மட்டும் அழுத்தி மூக்கைத் திருப்புவது அதனினும் கொடியது, ஏனெனில் ஒரு பக்க இறக்கை முந்தி ஸ்டால் ஆகிச் சுழல்வீழ்ச்சி தொடங்கினால், மீள உயரம் இராது.

திரும்பியபின் இறக்கம் காற்றின் போக்கிலேயே அமைவதால், 50 நாட் காற்றுவேகமும் 10 நாட் பின்காற்றும் சேர்ந்து தரைவேகம் 60 நாட் ஆகிறது. எதிர்காற்றில் அது 40 மட்டுமே. விரைந்தோடும் தரையைக் கண்டு கைப்பிடியைப் பின்னிழுக்கும் தூண்டுதல் எழும். அப்போது நம்பத்தக்கது வேகமானியே. தரை தொட்ட பின்பும், உருளும் வேகம் பின்காற்றின் வேகத்துக்குக் குறையும்போது சுக்கான் பயனிழந்துவிடுவதால், நேர்கோட்டில் ஓடும்போதே பிரேக்கைப் பயன்படுத்திவிடுவது வழக்கம்.